ஆளுக்கு ஒரு கம்பி

விமானத்தைக் கட்டியவன் இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். உருவு நாளின் முதல் விதியே அதுதான். ஆரின் அப்படித்தான் நின்றான், ஆனால் பைக்குள் பத்து விரல்களும் சும்மா இல்லை. எதிரே, அவனும் அக்கா மார்லிஸும் ஏழு வருஷமாகச் சேர்ந்து கட்டிய இரண்டு இருக்கை விமானம். மரச்சட்டமும் துணியும். வாலை அவனுடைய பிக்கப் வண்டியோடு கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இடது இருக்கையில் மார்லிஸ் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தாள். வலது கதவு வழியாகக் குபிசெக்கின் பின்புறம் மட்டும் வெளியே தெரிந்தது. முப்பது வருஷம் சோளக் காட்டுக்கு மருந்தடித்துப் பறந்த மனிதர், தலையையும் டார்ச்சையும் கருவிப் பலகைக்கு அடியில் நுழைத்து, எதைப் பிடுங்கினால் எஞ்சின் சாகும் என்று நிதானமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்தச் சின்ன விமானக் களத்துச் சங்கத்தில் கையால் கட்டிய எந்த விமானமும் உருவு நாளைத் தாண்டாமல் மேலே போனதில்லை. சனிக்கிழமை காலை பான்கேக் சாப்பிட்டு முடிந்ததும் உறுப்பினர்கள் வரிசையாக வருவார்கள். ஓடும் எஞ்சினில் ஆளுக்கு ஒரு கம்பி உருவலாம், அல்லது ஒரு சுவிட்சை அணைக்கலாம். ஒன்றே ஒன்றுதான். அதுவும் விமானத்துக்குள் இருந்து மட்டும், சுழலும் விசிறிப் பக்கம் யாரும் போகக் கூடாது. எஞ்சின் நிற்காமல் ஓடினால் உருவியதைத் திரும்ப மாட்டிவிட்டு அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். நின்றுபோனால் கட்டியவன் எல்லாருக்கும் ரூபார்ப் பை என்ற இனிப்புப் பணியாரம் வாங்கித் தர வேண்டும், விமானமும் மறுபடி தேறும்வரை தரையில்தான் கிடக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அரசாங்க ஆய்வாளர் வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால் புதன்கிழமை மார்லிஸ் பறப்பாள். புதிதாகக் கட்டிய விமானத்தில் முதல் நாற்பது மணி நேரம் ஓட்டுபவரைத் தவிர வேறு யாரும் ஏறக் கூடாது என்பது சட்டம். அவளோடு மேலே போகப்போவது ஆரின் இழுத்த கம்பிகள் மட்டும்தான்.

குபிசெக் ஒரு சிவப்புக் கம்பியை உருவினார். எஞ்சின் சத்தம் லேசாக ஒரு படி இறங்கியது, அவ்வளவுதான், அதன் பாட்டுக்கு ஓடியது. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, ஆரினைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். தானியக் கிடங்குகளுக்கு மின்வேலை செய்பவன் ஆரின், இருபத்தெட்டு வருஷ அனுபவம். ஊரில் எத்தனையோ மோட்டார்கள் அவன் கம்பியில் ஓடுகின்றன. ஆனால் ஒன்றுகூடத் தரையை விட்டு எழும்பியதில்லை.

எஞ்சின் கம்பியை நம்பி ஓடலாமா என்பதுதான் குளிர்காலம் முழுக்க அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை. பழைய எஞ்சினை அவர்கள் வாங்கியபோது அதில் இரண்டு மேக்னெட்டோ இருந்தன. உள்ளே காந்தம் சுழன்று பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் இரும்புக் குடம் அது, பேட்டரியே வேண்டாம். ஒன்று செத்துப்போயிருந்தது, ஒன்று நல்ல நிலையில் இருந்தது. செத்ததன் இடத்தில் எலக்ட்ரானிக் பற்றவைப்பு போடலாம் என்பதில் சண்டையே இல்லை. எந்தக் கம்பெனியுடையது என்பதற்கே மூன்று மாதம் ஆயிற்று. ஒன்று வேகம் பிடித்த பிறகு தன் மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளுமாம், ஆனால் கைக்கு வர ஏழு மாதம். இன்னொன்று மலிவு, ஆனால் அதைப் பொருத்தியிருந்தவர் அதைப் பற்றிக் கேட்டாலே பேச்சை மாற்றினார். சங்கத்தில் பத்துப் பேரைக் கேட்டால் பன்னிரண்டு யோசனை கிடைத்தது. கடைசியில் ஆரின் மூன்றாவதைப் பிடித்தான். சின்னப் பெட்டி, வேகத்துக்குத் தக்கபடி பொறி விழும் நேரத்தை முன்னும் பின்னும் தள்ளும், மினசோட்டாக் குளிரிலும் முதல் சுற்றிலேயே எஞ்சின் எழும். அதன் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒன்று எதற்கு, இரண்டு பக்கமும் அதையே போடுவோம் என்றான்.

மார்லிஸ் மாட்டேன் என்றாள். பள்ளிப் பேருந்து ஓட்டும் அவள் நாற்பது வயதில் பறக்கக் கற்றவள், அதிகம் பேச மாட்டாள். "ஒண்ணாவது யாரையும் கேக்காம ஓடட்டுமேடா" என்று மட்டும் சொன்னாள். யாரையும் என்றால் யாரை? கம்பி இழுக்கப்போவது அவன் ஒருவன்தான். சொந்த அக்காவே தன் கையை நம்பவில்லை என்று ஆரினுக்கு முகம் சுருங்கிவிட்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போகவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவளே பாத்திரத்தோடு வந்து, சரி, உன் இஷ்டப்படியே போடு என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல மேக்னெட்டோவைத் துண்டில் சுற்றி அலமாரியில் வைத்தான். பிறகு எல்லாவற்றையும் இரண்டிரண்டாகச் செய்தான்: இரண்டு பெட்டி, இரண்டு பேட்டரி, இரண்டு சுவிட்ச். வெறுமனே இரண்டு என்றில்லை, பார்ப்பவர்கள் மூக்கில் விரல் வைக்கும்படி அத்தனை நேர்த்தியாக. ஒரு கம்பிகூட அலைபாயவில்லை. ஆறு அங்குலத்துக்கு ஒரு கட்டு, கட்டுக்கு ஒரு சீட்டு.

இப்போது அந்த நேர்த்திதான் எல்லாரையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. மருந்துக்கடை லவான் பெரிய பேட்டரியின் இணைப்பையே கழற்றினாள், எஞ்சின் கண்டுகொள்ளவில்லை. அவள் கணவன் வலது பெட்டியின் சுவிட்சை அணைத்தான், இடது பெட்டி இழுத்துக்கொண்டு போனது. ஒன்பது பேர் முடிந்தார்கள், பத்துப் பேர் முடிந்தார்கள். மூச்சு விடுவதே வேலையாக இருந்தது ஆரினுக்கு, அத்தனை சந்தோஷம். தேறிவிட்டது என்று யாரோ அவன் முதுகில் தட்டினார்கள். பாக்கி இருந்தது ஓட்டுபவரின் முறை மட்டும். அது எப்போதும் கடைசி.

மார்லிஸ் எஞ்சினைத் தணித்துவிட்டு, அவனைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவன் வலது கதவருகே போனான்.

"என் முறைய ஒனக்குத் தர்றேன். நீ உருவு."

"நானா? கட்டுனவன் கை பைக்குள்ள இருக்கணும்க்கா."

"இவ்ளோ நேரம் அதக் காப்பாத்துறவனா நின்னே. இப்பக் கெடுக்க வந்தவன் மாதிரி குனிஞ்சு பாரு. ஒரே ஒரு தடவ."

அவன் குபிசெக்கைத் திரும்பிப் பார்த்தான். அவர் தோளைக் குலுக்கினார். தன் முறையை இன்னொருவருக்குத் தரக் கூடாது என்று விதியில் இல்லை. ஆரின் சிரித்துக்கொண்டேதான் உள்ளே தலையை விட்டான். சிவப்புக் கம்பிகளைப் பார்த்தான். அவற்றில் ஒன்றும் கிடைக்காது என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? எல்லாம் ஜோடி ஜோடி. கெடுக்க வந்தவன் சிவப்பில் கை வைக்க மாட்டான். பத்துப் பேரும் சிவப்பிலும் சுவிட்சிலுமே தேடித் தோற்றுப்போனார்கள். கறுப்பைப் பார்த்தான். உலோக உடம்பாக இருந்தால் மின்சாரம் எங்கும் புகுந்து பேட்டரிக்குத் திரும்பிவிடும். இது மரம். போன மின்சாரம் திரும்பி வர அவன்தான் கறுப்புக் கம்பி போட்டுக் கொடுத்திருந்தான், இரண்டு பெட்டிக்கும். இரண்டு கறுப்பும் அழகாக ஒன்றாக வளைந்து வந்து, ஒரே வளையத்தில் சேர்ந்து, ஒரே மரையாணியில் முடிந்தன. அழகுக்காகத்தான் அப்படி முடித்தான். முடித்த அன்று போன் எடுத்துப் படம்கூடப் பிடித்தான்.

அவனுடைய சிரிப்பு நின்றுவிட்டது. சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்பானரை எடுத்து நான்கு சுற்றுச் சுற்றினான். வளையத்தை விரலால் தூக்கினான்.

எஞ்சின் செத்தது. விசிறி இரண்டு சுற்று வெறுமனே சுற்றி நின்றது. புல்வெளி முழுக்க ஒரே அமைதி. வேலிக் கம்பத்தில் ஒரு பறவை கத்துவது கேட்டது. ஆரினின் கண்முன் புதன்கிழமை வந்தது. பீட்ரூட் வயலுக்கு மேலே எண்ணூறு அடியில் இந்த ஆணி அதிர்வில் தளர்ந்து, அக்கா ஒற்றையாளாக இதே அமைதியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஆனால் அந்தக் காட்சியைத் தள்ளிக்கொண்டு ஒரு குதூகலமும் வந்தது, அதை மறைக்க முடியவில்லை. மேலே கேட்டிருக்க வேண்டிய அமைதி கீழேயே கேட்டுவிட்டது. அக்கா முழுசாக, ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஒனக்கு இது தெரியுமாக்கா?" என்றான்.

"எனக்கு என்ன தெரியும்? ஒனக்குத் தெரியும்ங்கறது மட்டும் தெரியும்."

எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். பத்து நிமிஷ வேலை, இரண்டு கறுப்பையும் பிரித்து இரண்டு ஆணியில் போட்டால் தீர்ந்தது, மனசைத் தளரவிடாதே என்றாள் லவான். குபிசெக், "ரூபார்ப் பை வாங்க யாராச்சும் கெளம்புங்கப்பா, கடை சாத்திடப் போறான்" என்றார். ஆரின் பிக்கப்பின் பின்பலகையில் போய் உட்கார்ந்தான். மனசு தளர்ந்தவன் போலவே அவன் இல்லை, எதையோ கண்டுபிடித்தவன் போலக் கண் பளபளத்தது.

"பத்து நிமிஷத்துல இந்த ஆணியச் சரி பண்ணிரலாம். இதே மாதிரி இன்னொண்ணு இருந்தா? அதையும் நாந்தான செஞ்சிருப்பேன், அதே கையால" என்றான். பிறகு அக்காவைப் பார்த்து, "ஒரு பக்கமாச்சும் நான் கை வைக்காத ஒண்ணு இருக்கட்டும்க்கா" என்றான்.

குளிர்காலத்திலேயே நான் சொன்னேனே என்று மார்லிஸ் சொல்லியிருக்கலாம், சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. அவள் மேலங்கியைக் கழற்றி இருக்கையில் போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வலதுபக்கப் பெட்டியையும் அதற்கென்று இருந்த சின்னப் பேட்டரியையும் கழற்றி, துண்டை அவிழ்த்து, மேக்னெட்டோவை அதன் பழைய பொந்தில் உட்கார வைக்க மதியம் தாண்டிவிட்டது. பொறி விழும் நேரத்தைப் பொருத்துவதற்காக மார்லிஸ் விசிறியை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, ஆரின் சோதனை விளக்கு எரியும் இடத்துக்காகக் காத்திருந்தான். இரண்டு முறை தாண்டிப் போய்விட்டது, மூன்றாவது முறை சரியான கோட்டில் எரிந்தது, "நிறுத்து நிறுத்து" என்று கத்திவிட்டான். சுற்றி நின்றவர்கள் வாயில் பணியாரத்தோடு கைதட்டினார்கள். இடதுபக்கம் அவனுடைய சின்னப் பெட்டி அப்படியே இருந்தது. அதையும் விட்டுக்கொடுக்க அவன் தயாராக இல்லை. அவளும் கேட்கவில்லை. முதல் சுற்றிலேயே எழுப்ப அது வேண்டும்.

நாலு மணிக்கு மார்லிஸ் எஞ்சினை எழுப்பினாள். முதல் சுற்றிலேயே எழுந்தது. மறுபடி வரிசையில் நிற்கத் தொடங்கியவர்களை ஆரின் கைகாட்டி நிறுத்தினான். கைகள் இப்போது பைக்குள் இல்லை, யாரும் அதைக் கேட்கவும் இல்லை. உள்ளே குனிந்து தன் பெட்டியின் சுவிட்சை அணைத்தான். பிறகு ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரை, பிறகு மெயின் சுவிட்சை. கருவிப் பலகையில் இருந்த விளக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. எஞ்சின் சத்தம் ஒரு படி இறங்கி அங்கேயே நின்றது. அதோடு விடவில்லை. மேக்னெட்டோவுக்கு என்று இருந்த ஒரே கம்பி அதை நிறுத்துவதற்கான கம்பி. அதையும் உருவினான். இனி பெட்ரோலை அடைத்தால்தான் அது அடங்கும். குபிசெக் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

ஆரின் இறக்கைக்குப் பின்னால் வந்து, சின்னக் கதவைத் திறந்து, பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றினான். அதை முழுசாக வெளியே தூக்கினான். நல்ல கனம். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, புல்லில் நடந்து, மார்லிஸ் பார்க்கும்படி இடது இறக்கை முனைக்கு அப்பால் வந்து நின்றான். விமானத்துக்குள் ஒரு விளக்கும் எரியவில்லை. மின்சாரம் மொத்தமும் அவன் கையில் இருந்தது, எஞ்சின் அது தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. விசிறிக் காற்றில் வால்வரை புல் படுத்துக் கிடந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மார்லிஸ் வாயசைத்து ஏதோ சொன்னாள், அவனுக்குக் கேட்கவில்லை. என்னவென்று கையால் கேட்கலாம் என்று பார்த்தான், கையில் பேட்டரி இருந்தது. அதைக் கீழே வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.