தூக்கிவிட்ட கை

கண்ணம்மாளைக் கட்டிலிலிருந்து தூக்கிவிடும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. காய்ந்த சுள்ளி முறிவதுபோல ஒரு சின்னச் சத்தம். அவள் "ஆத்தே" என்று மூச்சை இழுத்தாள். அவள் புருஷன் சோலைமலை பதறிப்போய் அவளைப் பழையபடி சாய்த்துவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவளுக்குச் சில வருடங்களாக நடுக்குவாதம். வலது கையில் தொடங்கிப் பிறகு நடையையும் பிடித்துக்கொண்டது. மாத்திரை போட்டால் கை அடங்கும், கால் எட்டு வைக்கும். ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் அவர்கள் தோட்டத்தில் நாளெல்லாம் வெண்டைக்காய் பறித்தவள்தான். ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாறும்போது சாம்பார் வாளி ஆடி, உட்கார்ந்திருந்தவர் வேட்டியில் கொட்டிவிட்டது. அதிலிருந்து வாசல் தாண்டுவதில்லை. "எல்லாரும் என் கையத்தான் பாக்குறாக" என்பாள். சோலைமலையும் வற்புறுத்தவில்லை. வெயிலில் அலையாமல் நிழலில் இருந்தால் உடம்புக்கு நல்லதுதானே என்று நினைத்தார்.

இந்தக் கோடையில் அவளால் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. தொடையிலும் இடுப்பிலும் வலி. நோய் முற்றிவிட்டது என்று இருவரும் முடிவுகட்டினார்கள். யாரையும் கேட்காமல் நடுக்கத்து மாத்திரையில் ஒன்றைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார் சோலைமலை. அன்று அவள் உடம்பு தானாக நெளிந்ததே தவிர, எழ முடியவில்லை. பயந்துபோய் நிறுத்திவிட்டு, அக்குளில் கைகொடுத்துத் தூக்க ஆரம்பித்தார்.

திண்டுக்கல்லில் எலும்பு டாக்டர் சகாயராணி எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "விலா எலும்புல கீறல் இருக்கு. எங்கயாவது விழுந்தாங்களா?"

"விழல டாக்டரம்மா. நான் தூக்குனேன். நான்தான் ஒடிச்சுப்புட்டேன்."

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினாள். முடிவு வந்ததும் மறுபடி கூப்பிட்டாள். "நீங்க ஒடிக்கலய்யா. எலும்பே பலமில்லாம இருக்கு. விட்டமின் டி ரொம்பக் கம்மி. எந்திரிக்க முடியாததுக்கும் இது ஒரு காரணம். எல்லாத்தையும் நடுக்கத்து மேலயே போட்டுட்டீங்க."

"அது எதுல கெடைக்கும்?"

"முக்கியமா வெயில்ல."

சோலைமலை ஜன்னலைப் பார்த்தார். வெளியே சித்திரை வெயிலில் ரோடு பளபளத்தது. "இந்த ஊர்லயா வெயிலுக்குப் பஞ்சம்?"

"ஊருக்குப் பஞ்சமில்ல. அவங்க மேல படலையே."

"அப்ப காலையில இளவெயில்ல..."

"இளவெயில் பத்தாது. பத்து மணிக்கு மேல, கொஞ்ச நேரம். இந்த மருந்து வாரத்துக்கு ஒன்னு, சாப்பிட்ட பிறகு பால்ல கலந்து குடுங்க."

"மாத்திரைக்குப் பால் ஆகாதுன்னு நரம்பு டாக்டரு சொன்னாரே?"

"அது நடுக்கத்து மாத்திரைக்கு. அதை வெறும் வயித்துல, தண்ணியில. இது வேற, அது வேற."

தலையாட்டினார். பஸ் ஏறுவதற்குள் எது பாலில், எது தண்ணீரில் என்பது குழம்பிவிட்டது. கண்ணம்மாள்தான் நெஞ்சைப் பிடித்தபடி இரண்டு முறை திருத்தினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு சோலைமலை அவளைத் தொடவில்லை. எழ வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு அறிவுச்செல்வியைக் கூட்டிவர ஓடினார். ஒருநாள் மதியம் அறிவுச்செல்வி வீட்டில் இல்லை.

"ஏங்க, எந்திரிக்கணும். ஏன் தள்ளியே நிக்கிறீக?"

"திரும்ப ஒடிஞ்சிருச்சுன்னா?"

"நீங்க ஒடிக்கலன்னு டாக்டரம்மா சொன்னாகல்ல?"

"சொன்னாக. சத்தம் என் கைக்குள்ளதானே கேட்டுச்சு."

கண்ணம்மாள் சிரிக்கப் போய், விலா வலித்ததால் பாதியில் நிறுத்தினாள். "தூக்க வேணாம். கைய நீட்டுங்க, நானே புடிச்சுக்கிறேன்."

நீட்டினார். அவள் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, முன்னால் குனிந்து, அவர் கையைப் பற்றி எழப் பார்த்தாள். முடியவில்லை. மறுபடி முயன்றாள். இழுக்கவும் பயம், விடவும் பயம். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஒருவழியாக அவள் நின்றபோது இரண்டு பேர் கையும் நடுங்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் பத்து மணிக்கு மேல் அவளே வாசலுக்குப் போகலாம் என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டவள், பிறகு என்ன நினைத்தாளோ, வெளியே எடுத்து வெயிலில் வைத்தாள். தெருவில் போன பொன்னழகு நின்று, "என்ன மதினி, கை இம்புட்டு ஆடுது?" என்றார்.

"ஆடிட்டுப் போகுது. எலும்புக்கு வெயில் காட்டுறேன்."

பொன்னழகு ஒன்றும் புரியாமல் போனார்.

ஆடி பிறந்தபோது விலா வலி போய்விட்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தானே எழுந்தாள். நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. அது போகாது என்று டாக்டர் சொல்லியிருந்தும், ஒன்று குறைந்தால் இன்னொன்றும் குறைய வேண்டாமா என்று சோலைமலை கேட்டுக்கொண்டேயிருந்தார்.

ஒரு காலை அவளால் மறுபடி எழ முடியவில்லை. சோலைமலை கட்டிலருகே குனிந்து கேட்டார்.

"இது எலும்பா, நடுக்கமா?"

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? இன்னும் மாத்திரை போடல. தண்ணியில குடுங்க. அதுக்கு எந்திரிச்சுட்டா நடுக்கந்தான், இல்லாட்டி எலும்பு. செத்த நேரம் பாப்போம்."

கொடுத்தார். பிறகு, இரண்டில் எது தேவலை என்று சரியாகத் தெரியாமலே, அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார்.