ஹௌகன் வீட்டு நடுத்தூண்

2014 செப்டம்பர் 13, சனிக்கிழமை காலை, கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரிபூ பகுதியில் இருபத்திரண்டு ஏக்கர் நிலத்தோடு விற்பனைக்கு வந்திருந்த ஹௌகன் வீட்டைப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள்.

முன்கதவு இறுகிப்போயிருந்தது. மார்னா ஹௌகன் அவர்களைச் சமையலறை வழியாக உள்ளே விட்டாள். அறுபத்து மூன்று வயது. கணவன் ரெய்டார் இறந்து இரண்டு வருடம். முதல் பனி விழுவதற்குள் காம்லூப்ஸில் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. சாமான்களெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. ஒரு தட்டும் ஒரு கோப்பையும் மட்டும் வெளியே இருந்தன.

"எல்லாம் ரெய்டார் கையாலயே செதுக்கி அடுக்கின மரம்" என்றாள் தரகர் ஷெல்பி. "ஒரு கட்டையிலகூட மெஷின் படல."

வாங்க வந்த ஜஸ்வீர் தாலிவால் சர்ரே நகரில் லாரி சர்வீஸ் நடத்துகிறவர். மாடிக்குப் போய் நடந்து பார்த்துவிட்டு அங்கிருந்தே குரல் கொடுத்தார். "தரை நடுவுல ஒட்டகம் படுத்திருக்கற மாதிரி இருக்கே! இதுவும் கையாலயே பண்ணினதா?"

ஷெல்பி சிரித்தாள். தாலிவால் கூட்டிவந்திருந்த ஏமில் ப்ரோக் சிரிக்கவில்லை. நாற்பது வருடமாக அந்தப் பக்கம் மரவீடு கட்டுகிற ஆள்.

"மார்னா, ஜாக்கிய கடைசியா எப்ப எறக்கினீங்க?"

"எந்த ஜாக்கி?"

ஏமில் நடுத்தூண் அருகே மண்டியிட்டார். தூணின் அடியைச் சுற்றி ஒரு பலகைப் பெட்டி. அதன்மேல்தான் அவள் பூனைக்குத் தண்ணீர் வைப்பாள். திருகாணிகளைக் கழற்றி ஒரு பலகையை எடுத்தார். உள்ளே, தூணைத் தாங்கிக்கொண்டு ஓர் இரும்புத் திருகு ஜாக்கி.

படுக்கவைத்த மரம் காயக் காயச் சுவர் தணியும். நிற்கிற தூண் தணியாது; நடுவில் தரை மேடாகிவிடும். அதனால் வருடா வருடம் அந்தத் திருகை இறக்கிவிட வேண்டும். வீடு கட்டுகிற ஆண்கள் இதை மனைவிமாரிடம் சொல்வதில்லை. மே மாதம் வந்தால் தாங்களே குனிந்து திருகிவிட்டு பீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

பலகையின் உள்பக்கம் பென்சிலில் ரெய்டாரின் எழுத்து. மே 2004, இரண்டு சுற்று. அப்படியே வருடத்துக்கு ஒரு வரி. கடைசி வரி மே 2008.

"இதுக்கப்புறம் நாலு வருஷம் இருந்தானே. ஏன் விட்டுட்டான்?" என்றார் ஏமில்.

"தெரியல."

தெரியும். 2009 ஏப்ரலில், இந்த வீட்டில் இன்னொரு குளிர்காலம் தன்னால் முடியாது என்று அவனிடம் சொல்லியிருந்தாள். "சரி" என்றான். பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கோபமாவது அழுகையாவது வரும் என்று மார்னா சற்று நேரம் நின்றாள். வரவில்லை. ஏமிலின் உள்ளங்கையில் திருகாணிகள் இருப்பதைப் பார்த்து, போட்டுவைக்க ஒரு கிண்ணம் எடுத்து வந்தாள்.

"இப்பவே மொத்தமா எறக்கிட்டா?" என்று கேட்டார் தாலிவால்.

"கூரை எங்கயாவது பொளந்துக்கும். சனிக்கிழமைக்கு சனிக்கிழமை கால் சுத்து. மரம் முனகினா நிறுத்தணும். அடுப்பு எரியற வீடா இருக்கணும், காதுகொடுத்துக் கேக்க உள்ள ஆள் இருக்கணும். ஏப்ரல் ஆயிடும்."

"அப்போ ஏப்ரல்ல வரேன். தரை மட்டமா இருந்தா வாங்கிக்கறேன். இப்ப வேண்டாம்."

வெளியே வந்ததும் ஷெல்பி குரலைத் தாழ்த்தினாள். "பலகைய மாட்டிட்டு வேற ஆளைப் பாக்கலாமே?"

"வர்றவங்ககிட்ட சொல்லித்தானே ஆகணும்?" என்றாள் மார்னா.

"இப்போ பாத்துத் தொலைச்சிட்டோமே. சொல்லணும்."

மார்னா ஏமிலிடம் திரும்பினாள். "எத்தனாம் நம்பர் ஸ்பேனர்?"

அவர் தன்னுடையதையே கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் தங்கைக்குப் போன் செய்தாள். "கிறிஸ்துமஸுக்காவது வருவியாடி?" என்றாள் தங்கை. "வாரத்துக்கு கால் சுத்து, அதுக்கு ஒரு முழு மனுஷியா? நல்ல கூத்து!"

"பனியில ரோடு விட்டா வர்றேன்" என்றாள் மார்னா. போகவில்லை. ஒரு தட்டும் ஒரு கோப்பையும் போதுமானதாக இருந்தது. வேறு எந்தப் பெட்டியையும் அவள் பிரிக்கவில்லை.

செப்டம்பர் 20 முதல் ஏப்ரல் 4 வரை இருபத்தொன்பது சனிக்கிழமைகள் திருகினாள். அடுத்த வாரம் ஏமில் வந்து மாடித்தரையில் மட்டப்பலகை வைத்துப் பார்த்தார். மட்டமாக இருந்தது. ஏப்ரல் 24 அன்று தாலிவால் வீட்டை வாங்கினார். மே முதல் தேதி மார்னா காம்லூப்ஸுக்குக் குடிபோனாள்.