உட்கார்ந்தே பிழைத்த குடும்பம்

மில்லர்புரத்தில் ஜெஃப்ரி சார் நடத்துகிற ஓவியப் பள்ளியில் நான் மாடல். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஸ்டூலில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். இருபது பிள்ளைகள் வரைவார்கள். ஒருத்தன்கூட என் மூக்கை ஒழுங்காக வரைந்ததில்லை, அது வேறு விஷயம்.

இந்த வேலை என் மகள் சண்முகப்ரியாவின் கல்யாணத்துக்கே உலை வைத்தது. ஆத்தூர் செந்தில்முருகனும் அவளும் ஒரே ஆபீஸில் வேலை பார்த்து, பிடித்துப்போய், நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அப்புறம்தான் மாப்பிள்ளையின் அம்மா பேச்சிச்செல்வியின் காதில் எவனோ போட்டுவிட்டான். "படத்துக்கு உக்காருதவ வீட்டுப் பொண்ணு நமக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். என் மகள் அழுத அழுகையைப் பார்த்து எனக்கு வந்ததே கோபம்! நேரே ஆத்தூருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

பேச்சிச்செல்வி வாசலிலேயே பேசி அனுப்பப் பார்த்தாள். செந்தில்முருகன்தான், "உள்ள வாங்க அத்த" என்று நாற்காலி போட்டான்.

"எத்தன வருசமா இந்த வேல?" என்றாள் அவள்.

ஒளிப்பானேன்? "எனக்குப் பன்னெண்டு வருசம். எங்க குடும்பத்துக்கு மூணு தலமொற. எங்க தாத்தா முத்துக்குளிக்கிறவரா உக்காந்தாரு. கால்ல கல்லக் கட்டி, கையில கூடயக் குடுத்து வெளியூர்க்காரர் ஒருத்தர் வரஞ்சாரு. தாத்தாவுக்கு நீச்சலே தெரியாது மதினி. முழங்கால் தண்ணிக்கு மேல எறங்குனதில்ல."

செந்தில்முருகன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். அம்மாக்காரி முறைத்தாள்.

"ஒங்கம்மா?"

"அம்மா சந்தனமாரி, காலண்டர் வரையிற அண்ணாச்சி ஒருத்தருக்கு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். திறந்திருந்த பூஜை அறையில், மாலைக்கும் குங்குமத்துக்கும் நடுவே, தாமரை மேல் என் அம்மா உட்கார்ந்திருந்தாள்! தேதித்தாள் கிழித்து முடிந்தாலும் சாமி படத்தைக் குப்பையில் போட யாருக்கு மனசு வரும்? கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நாலு கை, தலையில் கிரீடம். ஆனால் ஏறின இடப்புருவமும், "ஏளா, இங்கன என்ன பண்ணுதே?" என்று கேட்கிற அந்தப் பார்வையும் அவளுடையதேதான். அவள் போய் ஒன்பது வருடம்.

சொல்வதா, வேண்டாமா? சொன்னால், சாமியைப் பழித்துவிட்டாள் என்று கல்யாணம் அடியோடு போனாலும் போகும். ஆனால் சும்மா இருக்க என் வாய்க்குத் தெரிந்தால்தானே.

"மதினி, அந்த லட்சுமி எங்கம்மா."

பேச்சிச்செல்வி படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கிட்டே வந்து என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவள் முகம் சிவந்தது.

"முப்பத்தஞ்சு வருசம்!" என்று கத்தினாள். "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து தெனம் வெளக்கேத்தி இவகிட்டதானே கெஞ்சுதேன், எம் புருசன் குடிய நிறுத்துன்னு! ஒரு நாளாச்சும் காதுல வாங்குனாளா ஒங்கம்மா?"

"அவ என்ன மதினி செய்வா? எங்கப்பா குடியவே அவளால நிறுத்த முடியல."

பேச்சிச்செல்வி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கே தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகனைப் பார்த்தாள்.

"ஏலே, ஒங்கப்பாவ எழுப்பு. படத்துல இருக்கவ மவளே சம்மந்தியா நேருல வந்துட்டான்னு சொல்லு. பயந்துகிட்டாவது நிறுத்துதாரான்னு பாப்போம்."