படிவங்களுக்குக் காய்ச்சல் கண்ட ஆண்டு

செவிலியர் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு மாணவிகள் நாற்பத்தெட்டுப் பேர் எழுதிக் கொடுத்த கருத்துப் படிவங்களுக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, நூற்று இரண்டு டிகிரி காய்ச்சல் இருந்தது. கூட்டிப் போட்டுச் சராசரி எடுப்பதற்காகக் கட்டைத் தூக்கப்போன எழுத்தர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வெயில் பட்டுச் சூடாகியிருக்கும் என்று மேசையைச் சுவரோரம் தள்ளினார். பத்தொன்பது ஆண்டுகளாக அதே அறையில் உட்காருகிறவருக்கு, அங்கே சன்னலே கிடையாது என்பது தள்ளிய பிறகுதான் உறைத்தது. முதலாம் ஆண்டுக் கட்டைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது; அவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. இரண்டாம் ஆண்டுக் கட்டு இளஞ்சூடாக இருந்ததோ என்னவோ, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. செய்முறை வகுப்பு எடுக்கும் ஆசிரியையைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கையால் தொட்டுப் பார்த்து நம்புகிற ஆளில்லை. அக்குளில் வைப்பதுபோல் பதினேழாம் படிவத்துக்கும் பதினெட்டாம் படிவத்துக்கும் நடுவில் தெர்மாமீட்டரைச் செருகி, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்று, பிறகு எடுத்துத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"நூத்தி ரெண்டு. எப்போலேர்ந்து இருக்கு?"

"காலையில கொண்டுவந்து வைக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு மேடம்," என்றார் எழுத்தர்.

செவிலியர் கல்லூரி என்பதால் யாரும் கூச்சல் போடவில்லை. காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். செய்முறைக் கூடத்தில், பயிற்சிப் பொம்மைக்குப் பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றிப் படிவங்களைப் படுக்க வைத்தார்கள். ஈரத்துணியால் ஒற்றி எடுத்தபோது முதல் மூன்று தாள்களில் மை கரைந்ததால் அதை நிறுத்திவிட்டார்கள். ஆய்வகத்துக் குளிர்பெட்டியில் வைத்துப் பார்த்ததில் ஒரு மணி நேரத்தில் குளிர்பெட்டி சூடாகிப்போனது. பக்கத்து மருத்துவமனையிலிருந்து வந்த பொது மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, 'காரணம் தெரியாத காய்ச்சல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போடும் பொறுப்பு மூன்றாம் ஆண்டுக்கே வந்து சேர்ந்தது. மூன்று வருடம் படித்தும் வராத வரைபடம் அந்த வாரத்தில் அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது என்று செய்முறை ஆசிரியை பிற்பாடு ஒத்துக்கொண்டார்.

கல்லூரி முதல்வர் அம்மாவின் கவலை வேறு. அடுத்த வாரக் கடைசியில் ஆய்வுக் குழு வருகிறது. மாணவிகளின் கருத்தைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள். மூன்றாம் ஆண்டின் கருத்து இல்லையென்றால் அடுத்த ஆண்டு சேர்க்கைக்கு அனுமதி கிடைக்காது. பழையதைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் புதிதாக நாற்பத்தெட்டு எழுதி வாங்கச் சொன்னார். மாணவிகள் மறுபேச்சில்லாமல் அரை மணியில் எழுதிக் கொடுத்தார்கள். இருபத்திரண்டு கேள்வி, எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து. அவை மதியச் சாப்பாட்டுக்குள் நூற்று மூன்றைத் தொட்டன. பழையவற்றையாவது காப்பாற்றுவோம் என்று புதியவற்றைக் கிழித்துப் போட்டார்கள். குப்பைத்தொட்டி மறுநாள் வரை சுட்டது.

வெள்ளிக்கிழமையன்று எழுத்தர், மொத்தமாக அளப்பதால்தான் ஒன்றும் பிடிபடவில்லை என்று நினைத்து, தாள்களைத் தனித்தனியாகப் பரப்பி அளந்தார். பெரும்பாலானவை நூற்று ஒன்று, நூற்று ஒன்றரை. முப்பத்தொன்றாம் படிவம் மட்டும் நூற்று நான்கு; விரிப்பின்மேல் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. படிவத்தில் பெயர் எழுதக் கூடாது என்பது விதி. ஆனால் அந்தச் சரிக்குறியின் வால் இடப்பக்கம் வளைந்து தன்னையே கொத்தப் போவதுபோல் இருக்கும். அந்த வாலை நேராக்க ஒன்றாம் வகுப்பிலிருந்து பாடுபட்டுத் தோற்றவர் அவர். மகளுடைய படிவம். இருபத்திரண்டு ஐந்து. 'வேறு கருத்துகள்' என்ற கட்டத்தில் 'ஒன்றுமில்லை'.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனபோது மகள் மறுநாளுக்கான சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மனைவி வேலையிலிருந்து திரும்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவர் செருப்பைக் கழற்றாமலே கேட்டார்.

"முப்பத்தொண்ணாம் நம்பர் உன்னுதாம்மா?"

"பேரு போட வேண்டாம்னுதானேப்பா எழுதியிருக்கு?"

"பேரு போடல. டிக் போட்டிருக்க."

மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, சட்டையின் காலரை இரண்டு தடவை நீவிவிட்டுவிட்டு, பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். மூன்று வாரத்துக்கு முன் குழந்தைகள் வார்டில் நான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு ஊசி போடச் சொல்லியிருக்கிறார்கள். அரை மில்லி எடுக்க வேண்டிய மருந்தை இவள் ஐந்து மில்லி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். தசமப் புள்ளி எங்கே விழும் என்பது இவளுக்குத் தெரியாது. கட்டிலருகே வார்டு சிஸ்டர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்து இவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த இடத்தில் நான்கு விரல் தடம் ஒரு நாள் முழுக்க இருந்தது. 'இந்தக் கணக்கை உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?' என்று சிஸ்டர் கேட்டதற்கு இவள் பதில் சொல்லவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் பதில்.

அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவர் மருந்தியல் ஆசிரியை. தைலம் மேடம் என்று பிள்ளைகள் வைத்த பெயர்தான் எல்லார் வாயிலும் வரும். அவர் கைப்பையில் தலைவலித் தைலம், ஊக்கு, பிஸ்கட், மாற்றுத் துணி என்று ஒரு கடையே இருக்கும். வீட்டு நினைவில் அழுகிற பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து அது ஓயும் வரை எழுந்திருக்க மாட்டார். பிரேதத்தைப் பார்த்து மயங்கி விழுந்தவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டவர் அவர்தான். அவருடைய கணவர் பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருடம் ஆகிறது. பகல் ஒரு மணி வரை பார்த்துக்கொள்ள ஓர் ஆள் உண்டு, அதற்குமேல் கிடையாது. ஆகவே மதிய வகுப்புகளுக்கு மேடம் வரமாட்டார். பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே சத்தம் கேட்காமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். யாராவது எட்டிப் பார்த்தால் தெரியட்டும் என்று பலகையில் தலைப்பை மட்டும் எழுதி வைப்பார்கள். 'மருந்தளவுக் கணக்கு' என்ற தலைப்பை ஆறு தடவை எழுதினார்கள். அதற்குக் கீழே ஒரு வரிகூட விழவில்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாசத்தில் தானாக வந்தது.

"எழுதினா அவங்க வேலை போயிடும்ப்பா. அந்த மனுஷன் படுக்கையில கெடக்காரு," என்றாள் மகள். "எழுதாம விட்டா அந்தப் பையன் மூஞ்சி கண்ணு முன்னாடியே நிக்குது."

எழுத்தர் அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். வகுப்பு நடந்ததற்கான பதிவேடு அவருடைய மேசையில்தான் இருக்கிறது. மாதக் கடைசியில் தைலம் மேடம் வந்து நின்று இருபது கையெழுத்தை ஒரே நேரத்தில் போடும்போது, பதிவேட்டைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டியவர் அவர்.

"எழுதாதேன்னு சொல்லத்தான் வாய் வருது. ஆனா அந்தப் பேனாவைக் குடுத்தது நான்மா," என்றார். மனைவி வந்து, ஏன் இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கல்லூரியில் காய்ச்சல் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பன்னிரண்டரை மணிக்கு, தைலம் மேடம் கிளம்புவதற்காகப் பையை மூடிக்கொண்டிருந்த நேரம், மகள் ஆசிரியர் அறைக்குப் போனாள். வேறு யாரும் இல்லை. மேடம் வழக்கம்போல, "என்னடா, முகமெல்லாம் வாடிப்போயிருக்கு?" என்று கேட்டார். அவள் நின்றபடியே வார்டில் நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல மேடத்தின் கை பையின் ஜிப்பிலேயே நின்றுவிட்டது.

"அஞ்சு மில்லியா?"

"ஆமா மேடம்."

"குழந்தை?"

"போடலை மேடம். சிஸ்டர் பிடிச்சுட்டாங்க."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு எதிரா எழுதப் போறேன்னு சொல்ல வந்தியா?"

"எழுதறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்."

"உனக்கு நான் என்ன குறை வச்சேன்?" என்று கேட்டார் மேடம். மேடம் தனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்பதுதான் மகளுடைய துன்பமே. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றாகப் போனது. மேடம் எழுந்து பையை மாட்டிக்கொண்டு, அவளைத் தொடாமல், அவளுக்கும் கதவுக்கும் இடையே இருந்த குறுகிய இடத்தில் ஒதுங்கி வெளியேறினார்.

மகள் நேரே செய்முறைக் கூடத்துக்குப் போய் முப்பத்தொன்றாம் படிவத்தை எடுத்தாள். விரல் சுட்டது. மருந்தியல் வரிசையில் இருந்த ஐந்துகளை அடித்தாள். 'ஒன்றுமில்லை' என்பதையும் அடித்துவிட்டு, மதிய வகுப்புகள் நடக்கவில்லை, எனக்கு மருந்தளவுக் கணக்குத் தெரியாது, ஒரு குழந்தை என் கையால் செத்திருக்கும், எங்கள் மேடம் மிகவும் நல்லவர், என்று எழுதினாள். கடைசி வரியை அடிக்கலாமா என்று யோசித்து, அதுவும் உண்மைதான் என்பதால் விட்டுவிட்டாள். பத்து நிமிடத்தில் படிவத்துக்கு வியர்க்கத் தொடங்கியது. முதலில் ஓரங்களில் முத்து முத்தாக, பிறகு தாள் முழுக்க. செய்முறை ஆசிரியை துடைத்துவிட்டு அளந்தார்: தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு.

சேதி பரவ அரை மணிகூட ஆகவில்லை. மூன்றாம் ஆண்டு முழுவதும் வராந்தாவில் வரிசை கட்டியது. மருந்தியலைப் பற்றி எழுதினார்கள், எழுதி அழுதார்கள். ஆனால் கை ஒரு முறை பழகிவிட்ட பிறகு மற்றதையும் விடவில்லை. பயிற்சிப் பொம்மைக்கு வலக்கை இல்லை, இடக்கையில் எங்கே குத்தினாலும் ஒழுகுகிறது. நூலகத்தில் ஒரே புத்தகத்தின் பதினான்கு பிரதிகள் இருக்கின்றன, பதினான்கிலும் கடைசி அத்தியாயம் இல்லை. கணினி அறையின் கடவுச்சொல் தெரிந்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். உடற்கூறு ஆசிரியர் பலகையைப் பார்த்தே பாடம் நடத்துவதால், மூன்று ஆண்டுகளில் தான் முழுமையாகக் கற்ற உறுப்பு அவருடைய முதுகு மட்டுமே என்று ஒருத்தி எழுதினாள். சாயங்காலத்துக்குள் நாற்பத்தேழு படிவங்கள் குணமாகி, சலவைப் பகுதியின் கொடியில் விரிப்புகளோடு காய்ந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் நூற்று ஒன்றிலேயே நின்றுவிட்டது. யாருடையது என்று கடைசி வரை தெரியவில்லை. கடைசியாக எழுத்தர் ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து, அதிலிருந்த இருபத்திரண்டு கேள்வியில் ஒன்றும் தனக்குப் பொருந்தாததால், பதிவேட்டின் கையெழுத்துகளைப் பற்றிப் பின்பக்கத்தில் எழுதிக் கட்டோடு சேர்த்தார்.

ஆய்வுக் குழுவினர் மூன்று பேரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அவற்றைப் படித்தார்கள். மொத்தச் சராசரி இரண்டு புள்ளி ஆறு எட்டு. எழுத்தர் வழக்கமாக மேலே ஏற்றி முழுசாக்குகிறவர். அந்த ஆண்டு அப்படியே எழுதினார். அனுமதியை நிறுத்தவில்லை, ஓர் ஆண்டுக்கு நிபந்தனையோடு கொடுத்தார்கள். எழுத்தரைப் பொருள் கிடங்குக்கு மாற்றினார்கள். தைலம் மேடத்தை ஆறு மாதம் வகுப்பிலிருந்து நிறுத்தி வைத்து, அப்புறம் காலை வகுப்புகள் மட்டும் கொடுத்தார்கள். இதை மூன்று வருடத்துக்கு முன்பே கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே என்றார் முதல்வர் அம்மா. கேட்கக் கூசியது என்றார் மேடம். மூன்றாம் ஆண்டுக்கு விடுமுறையை ரத்து செய்து மருந்தளவுக் கணக்கு நடத்தப்பட்டது. ஒன்றரை வருடம் கழித்துப் புதிய பொம்மை வந்தது, இரண்டு இடக்கையோடு. மேடமும் மகளும் வராந்தாவில் எதிர்ப்பட்டால் இருவருமே சுவரில் ஒட்டிய அறிவிப்புகளைப் படித்தார்கள். அந்த அறிவிப்புகள் இருவருக்குமே மனப்பாடம்.

நான்கு வருடம் போனது. மகள் பக்கத்து மருத்துவமனையிலேயே பணியில் சேர்ந்திருந்தாள். ஒரு நாள் காலைப் பணிமுறையில், பக்கவாதத்தோடு நுரையீரல் அழற்சியும் சேர்ந்து வந்த நோயாளியின் கட்டிலருகே முக்காலியில் தைலம் மேடம் உட்கார்ந்திருந்தார். மகள் மருந்துச் சீட்டைப் படித்தாள், எடையைப் பார்த்தாள், கணக்கைப் போட்டாள். பழக்கப்படி வாய்விட்டுப் போட்டாள். இவ்வளவு மில்லிகிராம், இவ்வளவு மில்லியில் கலந்தது, ஆகவே இவ்வளவு. உடன் வேலை பார்ப்பவளும் சரிபார்த்தாள். ஊசியை எடுத்து வரும்போது மேடம் நான்கு வருடத்தில் முதல் முறையாக அவளிடம் பேசினார்.

"இன்னொரு தடவை சொல்லு."

அவள் முதல் எண்ணிலிருந்து திரும்பச் சொன்னாள். மேடம் கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, கூடவே போட்டுப் பார்த்தார்.

"புள்ளி சரியான எடத்துல இருக்கு. போடு," என்றார். போட்டு முடித்த பிறகு, "காலையில ஏதாவது சாப்பிட்டியாடா?" என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கமாக விரிப்பின் ஓரத்தைச் சரிசெய்தார்கள். அந்த மனிதர் குணமாகி வீட்டுக்குப் போய் இன்னும் ஐந்து வருடம் இருந்தார்.

கல்லூரியில் இப்போது கருத்துப் படிவங்கள் முதலில் செய்முறைக் கூடத்துக் கட்டிலுக்குப் போகின்றன. வெப்பநிலை குறித்த பிறகுதான் அலுவலகத்துக்கு வரும். தொண்ணூற்றொன்பது வரை பொருட்படுத்துவதில்லை, இளவயதில் கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்யும். குணமாகாத அந்த ஒரு படிவம் அலுவலக அலமாரியில் நூற்று ஒன்றிலேயே இருக்கிறது. குளிர்நாட்களில் புதிய எழுத்தர் தட்டச்சு செய்யும் முன் அதன்மேல் விரல்களை வைத்து எடுப்பார். ஆய்வுக் குழுவும் தன் விண்ணப்பத்தில் வெப்பநிலைக்கென்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டது. மற்றக் கல்லூரிகள் அளக்காமலே எல்லா ஆண்டுக்கும் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு என்று எழுதி அனுப்புவதாகப் பேச்சு. குழுவின் ஆவண அறையில் போன மாதம் கூடுதலாக இரண்டு மின்விசிறி மாட்டியிருக்கிறார்கள்.