ஏழாம் ஓடைக்கு நாடி பார்த்த நாள்

காலை ஏழரை மணிக்கு சாப்பாட்டு மேசையில் மனைவி பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். கணவர் டீயில் பிஸ்கட்டை நனைத்தபடி 'உம்' கொட்டிக்கொண்டிருந்தார்.

"புதுசா வந்திருக்காளே ஒருத்தி, அவ பண்ண வேலையக் கேளுங்க. ஒரு பேஷண்டுக்கு நாலு வேளையும் நாடி எழுபத்திரெண்டுன்னு எழுதி வச்சிருக்கா. அந்த ஆளு கையத் தொட்டே பாக்கல! நான் பிடிச்சுப் பாத்தா நூத்திப்பத்து. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"அடப்பாவமே! இப்படியுமா ஏமாத்துவாங்க?" என்றார் அவர். சொல்லி முடிப்பதற்குள் டீ புரைக்கேறிவிட்டது.

புரைக்கேறக் காரணம் இருந்தது. வனத்துறையில் பதினோரு ஓடைகளை மதிப்பிடும் ஆய்வாளர் அவர். மரம் வெட்ட அனுமதி கொடுக்கும் முன், சரிவில் விழும் மழைநீர் எந்த வழியாக இறங்குகிறது, ஓடையில் மீன் உண்டா, கரையில் எத்தனை மரம் நிற்க வேண்டும் என்று நடந்து பார்த்து எழுத வேண்டும். அலுவலகத்தில் அவருக்கு 'மின்னல்' என்று பட்டப்பெயர். மற்றவர்கள் ஒரு வாரம் இழுக்கும் அறிக்கையை அரை நாளில் முடித்துவிடுவார். போன வருடத்துப் படிவத்தில் தேதியை மட்டும் மாற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அன்று மேசையில் ஏழாம் ஓடையின் படிவம் காத்திருந்தது. 'நீர் வெப்பம் இருபத்து நான்கு. மீன் இல்லை.' நான்கு வருடமாக இதே வரிதான். முதல் வருடம் கொளுத்தும் கோடையில் போனார். நூலாக ஓடிய தண்ணீரைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, முட்டிவலி என்று திரும்பிவிட்டார். மீன் இல்லாத ஓடை என்றால் கரை வரைக்கும் வெட்டலாம். மறுநாள் இயந்திரங்கள் இறங்கப் போகின்றன. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

பேனாவைத் திறந்தார். எழுபத்திரெண்டு, எழுபத்திரெண்டு என்று காதுக்குள் மனைவியின் குரல் கேட்டது. பேனாவை மூடிவிட்டு எழுந்தார்.

"எங்க சார், டீக்கடைக்கா?" என்று ஜீப்பைக் கிளப்பினார் டிரைவர்.

"ஏழாம் ஓடைக்கு."

டிரைவர் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லியே சார்?"

ஜீப் நின்றதும், அரசாங்கம் கொடுத்த பூட்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்தார். எவ்வளவு அழுத்தியும் கால் நுழையவில்லை. கம்பெனிக்காரன் உள்ளே திணித்த காகிதம் இன்னும் அப்படியே இருந்தது. டிரைவர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

மழை தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. நூலாக ஓடிய தண்ணீர் இப்போது முழங்கால் அளவு. வெப்பமானியை முக்கினார்: பதினெட்டு! இன்னும் நன்றாகப் பார்க்கக் குனிந்தவர், பாசியில் வழுக்கி, தொப்பென்று ஓடைக்குள் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவரைச் சுற்றிலும் மீன்கள். ஜோடி ஜோடியாக வந்து, வாலால் கூழாங்கற்களை விலக்கி முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

"சார், ஒண்ணா ரெண்டா! ஒரு ஊரே குடியிருக்கு!" என்று கத்தினார் டிரைவர்.

நிமிர்ந்து பார்த்தார். ஓடைக்கு நிழல் தந்த மரம் ஒவ்வொன்றிலும் வெட்டுவதற்கான சிவப்புக் குறி. நிழல் போனால் தண்ணீர் சூடாகும். வேர் போனால் சரிவு மண் மொத்தமும் இறங்கி முட்டைகளை மூடும். படித்தவர்தான், எல்லாம் தெரியும். அந்தக் குறிகளைப் போட வைத்தது முந்தைய வருடங்களில் தான் போட்ட கையெழுத்துதான் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சொட்டச் சொட்ட அலுவலகம் வந்தார். அதிகாரி அம்மாவின் அறையில் மரக் காண்ட்ராக்டரும் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் காண்ட்ராக்டர் துள்ளி எழுந்தார்.

"அங்க மீனே கெடையாதுன்னு நீங்கதானே சார் வருஷா வருஷம் எழுதினீங்க?"

முட்டிவலி, மழை, ஆள் பற்றாக்குறை என்று பூசி மெழுக ஆயிரம் வழி இருந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தார்.

"ஆமா, எழுதினேன். பாக்காமலே எழுதினேன்."

அதிகாரி அம்மா ஏழாம் ஓடைக் கோப்பை மூடி ஓரமாக வைத்தார். பிறகு காண்ட்ராக்டரிடம், "கரை மரத்துல ஒண்ணு மேலயும் கை வைக்கக் கூடாது. மத்தது புது அறிக்கை வந்தப்புறம்" என்றார். இவர் பக்கம் திரும்பினார். "நீங்க பதினோரு ஓடையையும் முதல்லேருந்து நடந்து பாக்கணும். உங்கள என்ன பண்றதுன்னு அதுக்கப்புறம் யோசிக்கிறேன். போங்க, முதல்ல தலையத் துவட்டுங்க. ஆபீஸ் பூரா ஓடையாயிடும்!"

மாலையில் வீட்டு வாசலில் சேறு அப்பிய பூட்ஸைப் பார்த்த மனைவி, யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்றே நினைத்தாள். அவர் அசடு வழிய எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் திட்டவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தபடி முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினாள்.

"தொண்ணூத்தெட்டு. நல்லா பயந்திருக்கீங்க" என்று சிரித்தாள். "இத ஞாபகம் வச்சுக்குங்க. நாம எழுதற ஒவ்வொரு நம்பருக்குப் பின்னாலயும் ஒரு உயிர் இருக்கு. மனுஷனோ மீனோ, தொட்டுப் பாக்காம எழுதினா அது கொலைக்குப் போடற கையெழுத்துங்க."