கட்டக் கூடாத கயிறு

காற்றைக் கட்டிப்போடலாம் என்று எந்தக் கூறுகெட்டவளாவது நினைப்பாளா? ஜெயக்கொடி நினைத்தாள். வாடிப்பட்டியில் அவள் வீட்டு வாசலில் ஜல்லிக்கட்டுக் காளை நிற்கிறது. மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றினால் கை போய்விடும், முளையில்தான் கட்ட வேண்டும் என்று பார்த்து வளர்ந்தவள். அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு அவள் குடியைக் கெடுத்தது.

மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் மழையில் நிரம்பிக் கிடந்தது. கடற்கரையிலிருந்து லாரியில் ஏற்றி வந்த பாய்மரப் படகை அதில் இறக்கி, கல்லூரிப் பிள்ளைகள் கடலுக்குப் போகுமுன் பழகிக்கொண்டிருந்தார்கள். கே.கே. நகர் சாருலதா சுக்கான் பிடித்தாள். படகு சாயாமல் இடம் மாறி மாறி உட்காருவது அழகுபாண்டி வேலை. பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு ஜெயக்கொடியிடம். கயிற்றைக் கட்டாதே, கையிலேயே வை, காற்று முட்டினால் விட்டுவிடு என்று படகு பழக்கும் மாஸ்டர் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தியிருந்தார்.

சொல்லிவிட்டார், எரிவது யார் கை? உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. வலிக்கிறது என்றால் வேறொருத்தியை ஏற்றிவிடுவார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் குறுக்குப் பலகையில் மாட்டு முடிச்சாக ஒன்று போட்டாள். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. பிடித்திருப்பதுபோல் கையை மேலே வைத்துக்கொண்டாள். அம்புட்டு நிம்மதி!

சற்று நேரத்தில் மேற்கே தண்ணீர் கறுத்து, அந்தக் கறுப்பு அவர்களைப் பார்த்து ஓடி வந்தது.

"ஜெயா, காத்து வருது! கயித்த விடு!" என்று சாருலதா அலறினாள்.

ஜெயக்கொடி முடிச்சை நகத்தால் பிராண்டினாள். கல்லாக இறுகியிருந்தது.

"விடுடி!"

"முடியலடி, கட்டிட்டேன்!"

சாருலதா வாயைத் திறப்பதற்குள் படகு படுத்துவிட்டது. இரண்டு பெண்களும் தண்ணீருக்கு மேலே வந்து விளிம்பைப் பிடித்தார்கள். அழகுபாண்டியைக் காணோம். விரிந்து கிடந்த பாய்க்கு அடியில் ஏதோ முட்டியது. லைஃப் ஜாக்கெட் அவனை மேலே தள்ள, கயிறு இழுத்துப் பிடித்த பாய் அவனைக் கீழே அமுக்கியது.

ஐயோ, கொன்னுட்டேனே! முட்டல் மெல்லக் குறைந்தது. அப்போதுதான் ஜெயக்கொடிக்கு உறைத்தது: காளை இழுக்கும்போது முடிச்சு அவிழாது, காளையை முளைப் பக்கம் தள்ளினால்தான் அவிழும்.

"சாரு, பாயைப் பலகைப் பக்கம் தள்ளுடி!"

இருவரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். கயிறு தொய்ந்தது. முடிச்சு நெகிழ்ந்து வந்தது. பாயைத் தூக்கியதும் அழகுபாண்டி முகம் வெளியே வந்தது; இருமித் தண்ணீரைக் கக்கினான்.

கரையில் அவன் இன்னும் நடுங்கிக்கொண்டே, "நல்லவேளை, கயித்த அவுத்து விட்டியே," என்றான்.

"கட்டுனதே நாந்தேண்ணே."

மறுநாள் யாரும் அவளை விலக்கவில்லை. படகில் ஏறிய அழகுபாண்டி உட்காருமுன், குறுக்குப் பலகையின் அடியில் கையைவிட்டுத் துழாவிப் பார்த்தான். ஜெயக்கொடி கட்டுப் போட்ட கையை விரித்து, அதில் கிடந்த கயிற்றைக் காட்டினாள்.

"காத்தடிச்சா விட்டுருவேல்ல?" என்றான்.

"விட்டுருவேண்ணே."

அவன் உட்கார்ந்தான். ஆனால் அன்று முழுக்க அவன் பாயையும் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.