இடப்பக்கத்து ஜாங்கிரி

பந்தி எழுந்துவிட்டது. ஆபிரகாம் சாப்பிட்ட இலையை எடுக்கக் குனிந்த கிளியம்மாள், எடுக்காமல் சிரித்தாள்.

"எம்மா கிரேசி, இங்க வந்து பாரு. உன் வூட்டுக்காரு நடுவுல கோடு போட்டுக்கினு துன்னுகீறாரு."

கிரேசி எட்டிப் பார்த்தாள். கணவனின் இலையில் வலப்பக்கம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. இடப்பக்கத்து நுனியில் உப்பு, ஊறுகாய், ஜாங்கிரி எல்லாம் வைத்தது வைத்தபடி. சோறுகூடக் கத்தியால் வெட்டியதுபோல் பாதியில் நின்றது.

"உப்பு உப்புன்னு மூணு தபா கேட்டாரு. இலையிலதான் கீதுன்னேன். எங்க கீதுன்னு என்னையே கேக்குறாரு. குசும்பு புடிச்ச மனுஷன்."

கிரேசிக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எழுபத்தேழு கோடையில், வறண்ட ஏரிக்குள் ஆபிரகாம் ஓட்டிய குவாரி ஜீப்பும் ஒரு டிராக்டரும் புழுதியில் மோதிக்கொண்டன. வலப்பக்க மண்டையில் பதினோரு தையல். ஒன்பது நாள் நினைவில்லை. பிறகு எழுந்தான், நடந்தான், பேசினான். எல்லாம் சரியாகிவிட்டது என்று மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள்.

வீடு திரும்பிய நாளிலிருந்து தினமும் தட்டில் பாதிச் சோற்றை மிச்சம் வைத்தான். அவன் சாப்பிட்ட தட்டிலேயே அடுத்துச் சாப்பிடுகிறவள் கிரேசி. தனக்காகத்தான் வைக்கிறான் என்று பூரித்துப்போனாள். தெருக் குழாயடியில் பெருமையடித்துக்கூட இருக்கிறாள்.

எப்போதும் இடப்பக்கத்துப் பாதி.

கல்யாணப் பந்தியில் யாருக்காக மிச்சம் வைத்தான்?

காலையில் சவரம் செய்த பிறகும் அவன் இடது கன்னத்தில் ரோமம் இருந்தது. போன வாரம் கதவு நிலையில் இடித்துக்கொண்டதும் இடது தோள். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை.

"கிளியக்கா, அவரு எங்க?"

"மொதலாளியோட போய்ட்டாரே. இன்னிக்கு ஜீப்பு உன் ஆளு கையிலதான். நீதான தவமா தவங் கெடந்த?"

ஆமாம், அவள்தான். விபத்துக்குப் பிறகு குவாரி வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்துவிட்ட புருஷனுக்கு மறுபடி ஸ்டியரிங் கொடுங்கள் என்று, முதலாளி வரதராஜுலுவிடம் ஆறு மாதமாக மன்றாடியவள் அவளேதான். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் இன்று அவர் இறங்கி வந்தார். ஸ்ரீபெரும்புதூர் வரை ஓட்டிக் காட்டு, திங்கட்கிழமையிலிருந்து சாவி உன்னிடம் என்றார்.

ஜீப் வல்லம் கிராமத்தைச் சுற்றிப்போய் ஏரிக்குள் இறங்கும். குறுக்கே போனால் பிடித்துவிடலாம்.

பந்தல் வாசலில், குவாரியில் ஓட்டும் மாரியின் டிராக்டர் ஜல்லி லோடோடு உறுமிக்கொண்டிருந்தது. கிரேசி மட்கார்டில் தாவி ஏறினாள்.

"ஏரிக்கு வுடு மாரி. சீக்கிரம்."

"இன்னாக்கா ஆச்சு? புருஷன் வுட்டுட்டுப் போய்ட்டாரா?"

"வாயை மூடிக்கினு ஓட்டு."

கரையேறி இறங்கினார்கள். ஏரி வெடித்துக் கிடந்தது. தொலைவில், வலப்புறத்திலிருந்து ஒரு புழுதிவால் சீறி வந்தது. ஜீப். டிராக்டரின் பாதையும் அதன் பாதையும் ஒற்றைக் கருவேல மரத்தருகே குறுக்கிட்டன. ஜீப்புக்கு இவர்கள் வருவது இடப்பக்கம்.

மாரி ஆக்ஸிலேட்டரை அழுத்தினான்.

"நிறுத்து மாரி."

"நான் ஏன் நிக்கணும்? நம்மளுது லோடு வண்டி. அவருதான் நிக்கணும்."

ஏரிக்குள் போலீஸ் இல்லை, போர்டு இல்லை. காலி வண்டி நின்று லோடு வண்டிக்கு வழிவிட வேண்டும். அங்கே இருந்த ஒரே சட்டம் அதுதான்.

"அவரு நிக்க மாட்டாருடா. நம்மளத் தெரியாது அவருக்கு."

"பட்டப்பகல்ல இம்மாம் பெரிய டிராக்டரு தெரியாதா?"

மாரி ஹாரனை அலறவிட்டான். ஜீப் வேகம் குறையவில்லை. நூறு கஜம். எழுபது. கிரேசிக்கு இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கல்யாணச் சாப்பாட்டின் மயக்கத்தில் வரதராஜுலு புழுதிக்குப் பயந்து முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்குகிறார். ஸ்டியரிங்கில் ஆபிரகாம் சிரித்த முகமாக இருக்கிறான். ஹாரன் கேட்டு அவன் தலை திரும்பியது. வலப்பக்கம். அங்கே வெறும் ஏரி.

மாரி ஹாரனிலிருந்து கையை எடுத்தான். பிரேக்கை மிதித்தான். "நிக்கலக்கா. லோடு தள்ளுது."

கிரேசி பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். இருவர் பலமும் சேர்ந்து இடதுபக்கம் ஒடித்தது. டிராக்டர் துள்ளித் திரும்பியது. பின்னால் டிரெய்லர் சாய்ந்து, தயங்கி, இடியோசையோடு கவிழ்ந்தது. ஜல்லி சிதறியது. ஒரு கை தூரத்தில் ஜீப் அவர்களை உரசாமல் கடந்து போனது. அந்த ஒரு கணத்தில் கிரேசி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவன் இவளைப் பார்க்கவே இல்லை.

ஐம்பது கஜம் தள்ளி ஜீப் நின்றது. வரதராஜுலு துண்டை உதறிக்கொண்டு குதித்தார். ஆபிரகாம் இறங்கி வலப்பக்கமாகவே சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தான். கிரேசி ஓடிப்போய் அவன் தாடையைப் பிடித்து இடதுபுறம் திருப்பினாள்.

கவிழ்ந்த டிரெய்லரைப் பார்த்து அவன் மிரண்டான்.

"இது எப்ப வந்துச்சு?"

"ரொம்ப நேரமா வந்துகினுதாங்க இருந்துச்சு."

அவன் டிரெய்லரைப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான். மெல்லத் தலையை வலப்பக்கம் திருப்பினான், மறுபடி இடப்பக்கம். இரண்டு மூன்று தடவை. பிறகு ஜீப்பின் சாவியை உருவி வரதராஜுலுவின் கையில் வைத்தான்.

"நீங்களே ஓட்டுங்க மொதலாளி."

"மண்டையில அடிபட்டது ஆறலியா இன்னும்?" என்றார் அவர். "திங்கக்கெழமை ஆஸ்பத்திரிக்குப் போ. வாட்ச்மேன் வேலை எங்கியும் ஓடிடாது."

பந்தலுக்குத் திரும்பினார்கள். கடைசிப் பந்தியில் கிளியம்மாள் இருவருக்கும் இலை போட்டுப் பரிமாறினாள். கிரேசி அவன் இலையை அப்படியே பாதி சுற்றித் திருப்பினாள்.

"ஐயய்யோ, நல்ல காரியத்துல நுனி சோத்தாங்கைப் பக்கம் வரக் கூடாதும்மா."

"வரட்டுங்க்கா."

ஆபிரகாம் குனிந்து பார்த்தான். "ஜாங்கிரி போட்டாங்களா? எனக்கு வெக்கவே இல்லன்னு நெனச்சேன்." அதை விரலால் தொட்டுப் பார்த்தான். "அப்ப தெனம் நீ துன்னது?"

"அதேதான். எனக்குன்னு வெக்கிறீங்கன்னு நெனச்சேன்."

அவன் ஜாங்கிரியை இரண்டாகப் பிய்த்தான். தலையை நன்றாக இடதுபக்கம் திருப்பி, அவள் இலை எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, பெரிய துண்டை அதில் வைத்தான்.